தலைவருக்கு ஒரு முத்திரை

"இன்னும் கொஞ்சம் அழுத்துங்க டாக்டர். கை வலிக்குதா?"

"வலியா? காலம் பூரா பல்லு பிடுங்கற கைம்மா இது!"

முத்திரைக் கடைக்காரம்மாள் சிரித்துவிட்டாள். பல் டாக்டர் அந்த எம்போஸிங் சீலின் வாய்க்குள் வெள்ளைத் தாளின் மூலையைச் செருகி, கைப்பிடியை ஒரே அமுக்காக அமுக்கினார். எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மை இல்லை, சாயம் இல்லை. தாளே புடைத்துக்கொண்டு அவர் பெயரைச் சொன்னது. பெயரைச் சுற்றி வட்டமாக, 'குடியிருப்போர் சங்கத் தலைவர்'. விரலால் தடவிப் பார்த்தவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

"போன தலைவர் ஒட்டின நோட்டீஸை ஒருத்தன் மதிக்கலை. பசங்க கிழிச்சுக் கப்பல் விட்டாங்க. இனிமே லெட்டர் பேடு, கவர் எல்லாத்துலயும் இது விழும். வண்டியைக் குறுக்கே நிறுத்தறவன் கதிகலங்கணும்!"

"ஓட்டு எண்ணி முடிச்சப்புறம் செஞ்சிருக்கலாமே டாக்டர்? தகட்டுல வெட்டினா வெட்டினதுதான். அப்புறம் மாத்த முடியாது."

"எண்ணிக்கிட்டுத்தான் இருக்காங்க. இப்ப சேதி வந்துடும். எங்க சங்கத்துல வேட்பாளர்னு யாரும் கிடையாது. அவங்கவங்க மனசுல இருக்கற பேரைச் சீட்டுல எழுதிப் போடணும். என் பேரை விட்டா வேற எந்தப் பேரு ஞாபகம் வரும்? போன தடவை மயிரிழையில போச்சு. அன்னிலேர்ந்து எனக்குச் சரியான தூக்கமே இல்லை, தெரியுமா? இந்தத் தடவை விடறதா இல்லை. என் வீட்டம்மா ஒரு வாரமா வீடு வீடா ஏறி இறங்கிட்டா."

கடைக்காரம்மாள் லேசாகச் செருமினாள்.

"இல்லை... உங்க சங்கத்துக்கே, இதே பதவியைப் போட்டு, இன்னொருத்தரும் சீல் செய்யச் சொல்லியிருக்காங்க. அதான் கேட்டேன்."

டாக்டர் ஒரு கணம் விழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"மூணாவது மாடி வக்கீலா? நல்ல பகல் கனவு!"

"யாருன்னு நான் சொல்லக் கூடாது டாக்டர். அது தொழிலுக்கு அழகில்லை."

"சொல்லவே வேண்டாம். தோத்துட்டு வந்து நிக்கும்போது ஆறுதலா நாலு வார்த்தை பேசி அனுப்புங்க, பாவம்."

சொல்லிவிட்டு, கடையின் ரசீதுத் தாள் ஒன்றையும் விட்டுவைக்காமல் அதிலும் ஓர் அமுக்கு அமுக்கினார்.

அப்போது கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவர் மனைவி வந்தாள். மூச்சு வாங்கியது, முகமெல்லாம் பூரிப்பு.

"எண்ணியாச்சா?" டாக்டர் பாய்ந்தார்.

"ஆச்சுங்க. பதவி நம்ம வீட்டுக்குத்தான்!"

"நான் சொல்லலை?" கடைக்காரம்மாள் பக்கம் திரும்பி மார்பை நிமிர்த்தினார். "எல்லா ஓட்டுமா?"

"ரெண்டே ரெண்டு சீட்டுதாங்க மாறி விழுந்திருக்கு."

"யாரு அந்த ரெண்டு துரோகிங்க?"

"ஒண்ணு, உங்களுக்கு நீங்களே போட்டுக்கிட்டது. இன்னொண்ணு, மனசு கேக்காம நான் உங்களுக்குப் போட்டது" என்ற மனைவி, கடைக்காரம்மாளிடம் கையை நீட்டினாள். "என் சீல் ரெடியாம்மா?"