மை நெடி

விற்பனைக்கூடத்தில் அகலமான பேனர் மெஷினின் அச்சுத்தலை இருப்புக்கொள்ளாமல் இடமும் வலமுமாக ஓடுகிறது. பெயர்ப்பலகைக் கடைக்காரரின் மனைவியும் ஓரிடத்தில் நிற்காமல் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். பளபளவென்று சிவப்பு பேனர் இறங்குகிறது. "என்னா வேகம் பாத்தியா! இதையே எடுத்துடலாம்," என்று கணவர் பூரித்துப்போகிறார். அவள் குனிந்து ஈரம் காயாத பேனரை முகர்கிறாள். நெடி சுருக்கென்று மூக்கில் ஏறுகிறது. கடைக்கு மேலேதான் வீடு, அவருக்கோ மூச்சிரைப்பு. "நெடி இல்லாத மை போடுற மெஷின் இருக்கா?" என்கிறாள். "இருக்கு மேடம், ஆனா மெதுவாத்தான் ஓடும்," என்று விற்பனையாளர் இழுக்கிறார். மறுத்துப் பேசக் கணவர் வாயெடுக்கிறார், இருமல் முந்திக்கொள்கிறது. "மெதுவாவே ஓடட்டுங்க," என்று விற்பனையாளரிடம் சொல்லும்போதும், அவள் கை கணவரின் முதுகைத் தடவுவதை நிறுத்தவில்லை.