நாடி பார்த்த நோட்டு

ஹாலில் இரங்கல் கூட்டம், அடுத்து நான்தான் பேச வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பேத்தி என் கையைப் பிடித்து ஷூ அலமாரிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

பேத்தி என்றால் என் பேத்தி இல்லை. செத்துப்போனவளுடைய பேத்தி. ஒன்பது வயது.

செத்துப்போனவளை வார்டில் எக்ஸ்பிரஸ் என்றுதான் கூப்பிடுவோம். முப்பத்தொரு வருஷம் நானும் அவளும் ஒரே வார்டில் நர்ஸ். ஒரே பீரோ, ஒரே சாவி. நோயாளி மணி அடித்து நான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதற்குள் அவள் போய்த் திரும்பியிருப்பாள். ஓட்டப் பந்தயத்தில் அவள் வாங்கி வந்த கப்பில்தான் வார்டுப் பேனாக்களைப் போட்டு வைத்திருந்தோம்.

அறுபத்தாறு வயதிலும் தினம் மைதானத்தில் எட்டுச் சுற்று. "நாலு எனக்கு, நாலு உனக்கு" என்பாள், என் இடுப்பைப் பார்த்துக்கொண்டே.

அவள் தோற்றதெல்லாம் இந்தச் சுண்டைக்காயிடம்தான். எப்போதும் சரியாக ஒரே ஒரு அடியில் தோற்பாள்.

போன வியாழக்கிழமை காலை, ஷூ நாடா கட்டக் குனிந்தவள் நிமிரவில்லை.

அந்த ஷூவுக்குள்ளிருந்துதான் பேத்தி ஒரு சின்ன நோட்டை உருவினாள்.

பென்சிலில் தேதி, பக்கத்தில் எண். தொண்ணூற்றாறு. தொண்ணூற்றிரண்டு. சாயங்காலம் இரண்டு பேரும் ஓடி முடித்து உட்கார்ந்ததும் பாட்டி மணிக்கட்டை நீட்டுவாளாம். இவள் கடிகாரத்தைப் பார்த்து நாடி எண்ணி எழுதுவாளாம்.

கடைசி மூன்று வாரமும் எண்களுக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன வட்டம்.

"இது என்னடி வட்டம்?"

"நடுவுல நடுவுல ஒண்ணு விட்டுப்போச்சு, குண்டு பாட்டி. நான் சொன்னேன். 'அப்பாகிட்ட சொல்லிடாதே, ஷூவைப் பூட்டி வச்சிருவான். சனிக்கிழமை உன் பந்தயம் முடியட்டும், திங்கக்கிழமை நானே டாக்டர்கிட்ட போறேன்'னு சொன்னாங்க. நானும் சொல்லல."

அவள் அழவில்லை. பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"சொல்லியிருந்தா பாட்டி இருந்திருப்பாங்கல்ல?"

இந்தக் கேள்வியை வார்டில் எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். டாக்டரைக் கேளுங்கள் என்று கைகாட்டிவிட்டு நகர்ந்திருக்கிறேன். அவர்கள் எல்லாம் பெரியவர்கள்.

"பெரியம்மா, வாங்க" என்று எக்ஸ்பிரஸின் மகன் ஹாலிலிருந்து கூப்பிட்டான்.

நோட்டை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதி எடுத்து வந்திருந்தேன். கப், எட்டுச் சுற்று, எல்லாம் அதில் இருந்தது. பிரிக்கவில்லை. பேத்தியைப் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டேன்.

"போன மாசம் உங்கம்மா என்கிட்ட கையை நீட்டினாப்பா. நாடி பார்த்தேன். நடுவுல விட்டு விட்டு வந்துச்சு. உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னா. நானும் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்."



"ஒரு நர்ஸா இருந்துட்டு..." என்று ஆரம்பித்தான் மகன். முடிக்கவில்லை. எழுந்து வெளியே போய்விட்டான். அவன் பிறந்தபோது துண்டில் வாங்கியவள் நான்.

பேத்தி அண்ணாந்து பார்த்தாள். "உங்களுக்கும் தெரியுமா?"

"தெரியும். முப்பத்தொரு வருஷ நர்ஸுக்கே அது பெரிசாத் தெரியல. உனக்கு எப்படிடி தெரியும்?"

அவள் என் இடுப்பில் தலையைச் சாய்த்துக்கொண்டு, இத்தனை நாள் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள்.

வாசல் வரைக்கும் யாரும் என்னை வழியனுப்ப வரவில்லை. சரி, போகட்டும்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நோட்டை எடுத்து ஒவ்வொரு வட்டமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஒரே பீரோ, ஒரே சாவி. அரைக் கிலோ எடை கூடினால்கூட முதலில் என்னிடம்தான் வந்து சொல்வாள். இதை மட்டும் அந்தச் சுண்டைக்காயோடு நிறுத்திக்கொண்டாளே. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாளா?

எனக்கு அதுதான் கோபம்.