கழுத்தறுப்பு

“நல்லா ஓடுற மெஷினை ஏன் சார் வெட்டுறீங்க?”

தச்சர் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பெரிய கடையில், வாங்கிய சாமானைத் திருப்பிக் கொடுக்கும் கவுன்டர் அது. யாரோ ஒரு மகராசன் மரம் அறுக்கும் மெஷினை வாங்கிப் போய், வீட்டு வேலையை முடித்துக்கொண்டு, அதன் பல்லில் ஒட்டிய மரத்தூளைக்கூடத் தட்டாமல் கொண்டுவந்து நீட்டினார். “சத்தம் ஜாஸ்தியா இருக்கு, வேண்டாம்” என்றார். முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போயே போய்விட்டார்.

கவுன்டரில் இருந்த பெரியவர் மறுபேச்சுப் பேசவில்லை. கட்டரை எடுத்தார். ‘கறுக்.’ பிளக் துண்டாகிக் குப்பைக் கூடையில் விழுந்தது.

நாள் முழுக்க வயரை அறுப்பதே அவர் வேலை. கடையில் எல்லோரும் அவருக்கு வைத்திருந்த பெயர், ‘கழுத்தறுப்பு’.

ஸ்க்ரூ வாங்க வந்த தச்சருக்கு வயிறு பற்றி எரிந்தது. எரியாதா பின்னே? அவருடைய அறுக்கும் மெஷின் பாதி வேலையில் புகைந்து போய்விட்டது. அலமாரி ஒன்று கதவில்லாமல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. “வெள்ளிக்கிழமைக்குள்ள முடியலைன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்” என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். புதிசு வாங்க வழியில்லை. பாலத்தடியில் பழைய மெஷின் விற்கும் அக்காதான் கதி. “வியாழக்கிழமை லோடு வருது தம்பி, உனக்கு ஒண்ணு எடுத்து வைக்கிறேன்” என்று அவள் சொல்லியிருந்தாள்.

இங்கேயானால் முழுசாக ஒரு மெஷின், கண்ணெதிரே குப்பைக்குப் போகிறது!

“சொல்லுங்க சார், ஏன் வெட்டுனீங்க?”

“ரூல் சார். திரும்பி வந்ததை மறுபடி விக்கக் கூடாது.”

“மனசாட்சின்னு ஒண்ணு கிடையாதா?”

“அது இந்தக் கவுன்டர்ல வராது சார்.”

வரிசை சிரித்தது. தச்சருக்குச் சுருக்கென்றது.

“அரிசி பருப்பா இருந்தாலும் இப்படித்தான் மண்ணுல கொட்டுவீங்களா? கையில கட்டர் குடுத்துட்டா பெரிய ஆளா?”

பெரியவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குனிந்து, தச்சருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“தம்பி, சத்தம் போடாதீங்க. தயவுபண்ணிக் கிளம்புங்க.”

ஆகா, பயந்துவிட்டார்! தச்சருக்கு எங்கிருந்தோ தெம்பு வந்தது.

“மேனேஜரைக் கூப்பிடுங்க. பேசாம போக மாட்டேன்.”

கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை. சத்தம் கேட்டு அவரே வந்துவிட்டார். சின்ன வயசு, இஸ்திரி கலையாத சட்டை.

தச்சர் அந்த மெஷினைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார். “நீங்களே பாருங்க சார். உடம்புல ஒரு கீறல் இருக்கா? இதைப் போய்க் குப்பையில போடுறாரே, இது அடுக்குமா?”

மேனேஜர் மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஆமா. கீறலே இல்ல.”

குப்பைக்குப் போகக் காத்திருந்த பெரிய பெட்டியின் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். டிரில், கிரைண்டர், இழைக்கும் மெஷின்.

“இது எல்லாமுமே இப்படித்தானா?” என்று பெரியவரைக் கேட்டார்.

பெரியவர் தரையைப் பார்த்தார்.

“அப்படிக் கேளுங்க சார்!” என்றார் தச்சர்.

“ரொம்ப தேங்க்ஸ் சார். நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது.” மேனேஜர் தச்சரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு பெரியவரிடம் திரும்பி, “உள்ள வாங்க” என்றார்.

பெரியவர் கட்டரை மேஜைமேல் வைத்தார். போகிற போக்கில் தச்சரை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. குற்றமுள்ள நெஞ்சுக்குக் கோபம் எங்கே வரும் என்று தச்சர் நினைத்துக்கொண்டார். அன்றைக்கு ராத்திரி மனைவியிடம் இதைக் கதைகதையாகச் சொன்னார். “உங்க மெஷின் நின்னு போச்சு, வாய் மட்டும் ஓடுது” என்றாள் அவள்.

வியாழக்கிழமை பாலத்தடிக்கு ஓடினார்.

குவியலாக மெஷின்கள் கிடந்தன. ஆசையோடு ஒன்றை எடுத்தார். சம்மட்டியால் அடித்த மாதிரி உடம்பு நொறுங்கியிருந்தது. இன்னொன்று. அதுவும் அப்படியே. வயர் அடியோடு அறுபட்டு, மோட்டார் நசுங்கி… ஒன்றுகூட உருப்படியில்லை.

“என்னக்கா இது?”

“இனிமே இப்படித்தான் தம்பி. நான் வேற பொழப்பைப் பாக்கணும், நீ வேற கடையைப் பாக்கணும்.”

“ஏன், என்ன ஆச்சு?”

“திரும்பி வர்றதை நொறுக்கித்தான் குப்பைக்கு அனுப்பணும்னு அந்தப் பெரிய கடையில ரூலு. அங்க ஒரு பெரியவர் இத்தனை வருஷமா நொறுக்கவே இல்ல. யாரு கேட்டாலும் காட்டுறதுக்குப் பேருக்குப் பிளக்கை மட்டும் நறுக்கி, மெஷினை முழுசா அனுப்பிடுவாராம். காயலான் கடை லாரி வழியா என்கிட்ட வரும். புதுப் பிளக்கை மாட்டினா ஓடும். நான் அவரு முகத்தைக்கூடப் பாத்ததில்ல. ஒத்தைக் காசு வாங்கினதில்ல மனுஷன். நீ என்கிட்ட வாங்கின மெஷின் அத்தனையும் அவரு கை பட்டதுதான்.”

தச்சரின் சட்டைப் பையில் செல்போன் அடித்தது. வீட்டுக்காரர். தச்சர் எடுக்கவில்லை.

“இப்ப… அவரு?”

“வேலையை விட்டு அனுப்பிட்டாங்களாம். லாரிக்காரன் சொல்லி வருத்தப்பட்டான்.”

அவர் மேலே கேட்காமலே அக்கா சொன்னாள்.

“யாரோ ஒரு நல்ல மனுஷன், நம்மளை மாதிரி இல்லாதப்பட்டவங்களுக்காக அங்க போய் நியாயம் கேட்டாராம்.”