தட்டினால் நிற்கும் சம்மட்டி

செங்கமலத்துக்கு வலது கையைத் தூக்க முடியாமல் போய் ஆறு மாதம் ஆகிறது. அவளைத் தவிரச் சம்மட்டி அடிக்க ஆளில்லாமல் பட்டறையில் உலை அணைந்து கிடந்தது. அவள் கணவன் மாசிலாமணி, லாரியின் பழைய வில்பட்டையையும் மாவு மில் மோட்டாரையும் சேர்த்து ஒரு சம்மட்டி இயந்திரம் செய்தான். மிதியை அழுத்தினால் பெல்ட் இறுகிச் சக்கரம் சுழலும். சக்கரம் வில்பட்டையை ஆட்டும். அதன் நுனியிலுள்ள இரும்பு பட்டறைக்கல்லில் இடிக்கும். காலை எடுத்தால்தான் நிற்கும். முதல் அரிவாளுக்கான தகடு அடிபட்டு நீண்டதும், மனைவிக்குப் போதுமென்று காட்டுகிற பழக்கத்தில், கைச்சுத்தியலால் கல்லின் ஓரத்தில் தட்டிவிட்டான். சம்மட்டி இரும்பு அந்தரத்தில் நின்றது. குனிந்து பார்த்தான். கால் மிதியில்தான் இருந்தது. மோட்டார் ஓடியது, பெல்ட்டும் இறுகியே இருந்தது.

“என்ன புள்ள இது, தானா நின்னுபோச்சு?” என்று திரும்பினான்.

வாசலில் நின்ற செங்கமலத்தின் வலது கை தலைக்கு மேல் உயர்ந்திருந்தது.

“என்னையக் கேட்டா? நீதான தட்டுன,” என்றாள். “இறக்கட்டுமாய்யா, அடிக்கட்டுமா?”