பூஜை போட்ட வேன்

தணிகாசலமும் மனைவி வேதவல்லியும் வீடுபோலவே தங்கும் வசதி செய்த தங்கள் வேனில் ஏற்காடு வந்திருந்தார்கள். ஆயுத பூஜை முடிந்த கையோடு வேனுக்குள் விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் நின்றுபோயின. தணிகாசலம் ஃபியூஸை மாற்றினான், பேட்டரியைச் சோதித்தான், சோலார் வயரைக் கழற்றி மாட்டினான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

“உனக்கு என்னதான் வந்துச்சு?” என்று வேனிடம் எரிந்து விழுந்தான்.

“கோளாறெல்லாம் இல்ல சார்,” என்றது வேன். “பொட்டு வச்சு, சூடம் காட்டினீங்க. பூஜை போட்ட ஆயுதத்துகிட்ட இன்னிக்கு வேலை வாங்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

விடிந்ததிலிருந்து கேஸ் அடுப்பின் முன்னால் நின்ற வேதவல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தை அவன் கையில் கொடுத்தாள்.

“எனக்கும் பொட்டு வச்சு, அப்படியே சூடத்தையும் காட்டிடுங்க.”