குவாரிக்கு மேலே ஒரு கோடு

சித்தூருக்கு வெளியே ஒரு மொட்டை மாடி. மாலை வெயில் சாய்கிறது. நாளைக் காலை பச்சையப்பன் மகளோடு திருப்பதிக்குக் குடிபோகிறார். அங்கே புது வீட்டுக் கூடத்தில் மாட்ட, எதிரே இருக்கும் மலை அவருக்குப் படமாக வேண்டும். மகள் தேவசேனா மடியில் பலகையை வைத்துத் தீட்டிக்கொண்டிருக்கிறாள். தாளின் கீழ்ப்பாதியில் ரோஜா நிறக் கட்டங்கள், சாம்பல் கட்டங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக ஏறுகின்றன. அவர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறார். "இன்னாம்மா, பொட்டி பொட்டியா போட்டுக்கினு கீற? மாடர்ன் ஆர்ட்டெல்லாம் உன் காலேஜோட வெச்சுக்கோ. எனக்கு மலையப் போடு." அவள் தூரிகையை எடுக்காமலே சொல்கிறாள்: "கீறதத்தான் போடுறேன் நைனா. நீயே பாரு." அவர் நிமிர்ந்து பார்க்கிறார். கிரானைட் குவாரி அறுத்து எடுத்தது போக மிச்சமிருக்கும் பாறை, ரோஜாவும் சாம்பலுமாக, கட்டம் கட்டமாக நிற்கிறது. எங்கோ ஒரு லாரி கியர் மாற்றி இறங்குகிறது. அவர் சுட்டுவிரலை நீட்டி, பாறைக்கு மேலே வெறும் வானத்தில் மெதுவாக ஏற்றுகிறார், ஓரிடத்தில் ஒட்டகத் திமில் போல வளைக்கிறார், இறக்குகிறார். தேவசேனா தூரிகையைக் கழுவி, மெல்லிய நீலம் தொடுகிறாள். "இன்னொரு தபா காட்டு நைனா. மெதுவா." அவர் விரல் மறுபடி ஏறுகிறது. கட்டங்களுக்கு மேலே, தாளின் வெள்ளையில், அவள் தூரிகையும் கூடவே ஏறுகிறது.