திரைக்குள் ஒரு தொடையெலும்பு

மருத்துவக் கல்லூரி விடுதியில், ஜெசிந்தாவின் கட்டிலுக்கடியில், சீனியர் அக்காவிடம் படிக்க வாங்கிய ஒரு தொடையெலும்பு வயிறெரிந்து கிடந்தது. வயிறு ஏது என்று கேட்காதீர்கள். பொறாமைக்கு அதெல்லாம் வேண்டியதில்லை. கட்டில்மேல் அவள் புதுத் தொடுதிரை டேப்பில் இன்னொரு தொடையெலும்பின் படத்தை விரலால் திருப்பித் திருப்பி ரசித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் படத்துல அப்படி என்னதான் இருக்கோ!" என்று பொருமியது எலும்பு.

"வழவழன்னு இருக்கு. ஒரு கீறல் கிடையாது," என்றது டேப்.

"போடா! நான் ஒரு மனுஷனையே சுமந்தவன். மரத்துலேர்ந்து விழுந்து முறிஞ்சு, மறுபடி கூடி நடந்தவன். இந்த மேட்டைப் பாரு, அதுக்குச் சாட்சி!"

தேர்வு நெருங்கியதும் ஜெசிந்தா எலும்பைக் கையில் எடுத்தாள். அதற்குத் தலைகால் புரியவில்லை. அவள் விரல் தடவிக்கொண்டே வந்து அந்த மேட்டில் நின்றது. டேப்பைப் பார்த்தாள், எலும்பைப் பார்த்தாள்.

"படத்துல இது இல்லையேடி," என்றாள் அறைத்தோழியிடம். "சீனியர் அக்கா தப்பான எலும்பை நம்ம தலையில கட்டிட்டாங்க."

எலும்பு மறுபடி கட்டிலுக்கடிக்கே போனது. அன்றிலிருந்து அது, யார் கண்ணிலும் படாதபடி, அந்த மேட்டைத் தரைப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டே படுத்திருக்கிறது.